எடை குறைப்பு ஊசியின் பக்கவிளைவுகள்: முதல் ஆறு மாதங்களைக் கடப்பதற்கான வழிகாட்டி

டிர்செபடைட் ஊசியைத் தொடங்கிய ஐந்தாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, முதன்முறையாக 5 மில்லிகிராம் அளவைப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் திருச்சியில் நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் சாதம் பாதி முடிவதற்குள் போதும் என்று வயிறு சொல்லிவிட்டது. ஆனால் பரிமாறியவர் என் அத்தை மகன். "என்ன மச்சான், இலையை அதுக்குள்ள மூடப் பாக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வத்தக்குழம்பை ஊற்றினார், அதன் பிறகு ரசம், பாயசம், மோர் என்று வரிசையாக எல்லாம் வந்தன. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய வாந்தி இரவு பத்து மணிக்கும் நிற்கவில்லை; அந்த இரவும் மறுநாளும் மருத்துவமனைக் கட்டிலில் டிரிப்ஸ் ஏறியபடி கழிந்தன. செலவு 18,600 ரூபாய்.

இதில் மருந்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளவை உயர்த்திய இரண்டாவது நாளில் விருந்துக்குப் போனது, வயிறு நிறுத்தச் சொன்ன பிறகும் உண்டது, வாந்தி தொடங்கிய பிறகும் ஓ.ஆர்.எஸ். தேடாமல் எலுமிச்சைச் சாற்றை ஒரே மடக்கில் குடித்தது, சிறுநீரைக் கூட்டும் மருந்து கலந்த இரத்த அழுத்த மாத்திரையை அன்றும் வழக்கம்போல விழுங்கியது ஆகிய நான்கும் என் தவறுகள். நான் மருத்துவர் அல்ல. எனவே எந்த மருந்தை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று இங்கே சொல்லப் போவதில்லை. மருத்துவரிடம் எப்போது, என்ன கேட்க வேண்டும், வீட்டில் எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் வரிசைப்படுத்துகிறேன். வாரத்துக்கு ஒருமுறை போடும் டிர்செபடைட், செமாக்ளூடைட் என்னும் இரண்டு ஊசிகளுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. முதல் ஊசிக்கு முன்பே ஒரு கோப்பைத் தயார் செய்யுங்கள்

பக்கவிளைவு வந்த பிறகு பரிசோதனை செய்தால், அந்தக் கோளாறு மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் எடுத்த அறிக்கைகள் கையில் இருக்க வேண்டும். என் மருத்துவர் எழுதிக் கொடுத்தவை: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, தைராய்டு, கணையத்துக்கான லிபேஸ், வயிற்று ஸ்கேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் விழித்திரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை வேகமாகக் குறையும்போது ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது சிறிது காலம் மோசமாகலாம். தனியார் ஆய்வகத்தில் எனக்கு இவை அனைத்துக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. ஸ்கேனைத் தவிர்த்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. முன்பே கல் இருந்தால் மருத்துவர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

கோப்பில் ஒரு தனித் தாளில் நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும், சித்த மருந்துகளும் சத்து மாத்திரைகளும் உட்பட, அளவோடு எழுதி வையுங்கள். அதே தாளில் குடும்ப வரலாற்றையும் சேருங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தாலோ, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருந்தாலோ, கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தாலோ, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில், பத்து நிமிடச் சந்திப்பில் இந்தக் கேள்விகளில் பாதி கேட்கப்படுவதில்லை.

2. வாங்குவதும் வைப்பதும்

இவை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சீட்டு வேண்டாம், வாட்ஸ்அப்பில் முகவரி அனுப்பினால் போதும் என்று யாராவது சொன்னால், அங்கே விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். செமாக்ளூடைட் பெயரில் போலிகள் உலவுவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. போலி ஒருபுறம் இருக்க, அசல் மருந்தே குளிர்ச்சி இல்லாமல் இரண்டு நாள் கூரியர் வண்டியில் கிடந்தால் அதை நம்ப முடியாது. கணினி பில் கொடுக்கும் கடையில், ஐஸ் பொதியோடு வாங்குங்கள். பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்; அந்த எண் பின்னால் தேவைப்படும்.

விலையைப் பொறுத்தவரை, மவுஞ்சாரோ என்ற பெயரில் விற்கும் டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒன்று என்றால் நான்கு வாரத்துக்கு 14,000 ரூபாயும் 17,500 ரூபாயும் ஆகும். செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால் அதன் விலை நிலையாக நிற்காது. வாங்கும் அன்று இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். ஆனால் மருந்தின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். பரிசோதனை, மருத்துவர் கட்டணம், மலச்சிக்கல் மருந்து, கூடுதல் புரதம் எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் எனக்குத் தனியாக ஆனது.

வீட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதாவது குளிர்பெட்டியின் நடுத்தட்டில். உறைபெட்டியை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்த மருந்து உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. டிர்செபடைட் குப்பியை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் 21 நாள் வரை வெளியே வைக்கலாம் என்கிறது மருந்தின் குறிப்பு. அதைப் படித்துவிட்டு மே மாதத்தில் அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் மூடிய அறைக்குள்ளேயே 30 டிகிரி தாண்டிவிடும்.

குப்பியாக வாங்குபவர்கள் சிரிஞ்சைக் கவனிக்க வேண்டும். குப்பியில் ஒரு வேளைக்கான 0.5 மில்லி மருந்து இருக்கிறது. நம் கடைகளில் 40 அலகு இன்சுலின் சிரிஞ்சும் 100 அலகு இன்சுலின் சிரிஞ்சும் ஒரே தட்டில் கிடக்கின்றன. 0.5 மில்லி என்பது முன்னதில் 20 ஆவது கோடு, பின்னதில் 50 ஆவது கோடு. இரண்டாவது வாரத்தில் கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததை நான் சமையலறை விளக்கின் அடியில் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்: 50 ஆவது கோட்டைத் தேடுகிறேன், சிரிஞ்சோ 40 இல் முடிந்துவிட்டது. ஒரு குப்பியை இரண்டு வாரத்துக்குப் பிரித்துப் போடுவது, பேனா ஊசியில் நான்கு வேளைக்குப் பிறகு மிஞ்சியதை உறிஞ்சிப் போடுவது ஆகிய சிக்கன முறைகள் தொற்றுக்கும் தவறான அளவுக்கும் வழிவகுப்பவை. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ ஒப்படையுங்கள். குப்பை அள்ளுபவரின் கையில் குத்தும்படி பையில் போட்டுவிடாதீர்கள்.

3. ஊசிக்கான கிழமையை யோசித்து முடிவு செய்யுங்கள்

டிர்செபடைட் போட்ட 8 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்ளும், செமாக்ளூடைட் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்ளும் இரத்தத்தில் உச்சத்தைத் தொடுகின்றன. குமட்டல் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் அதிகம். வெள்ளி இரவு போட்டால் சனியும் ஞாயிறும் வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்று நான் கணக்கிட்டேன். ஆனால் நம் வீடுகளில் விருந்தும் வெளிச்சாப்பாடும் வருவதும் அதே சனி, ஞாயிறில்தான். இப்போது நான் திங்கள் இரவுக்கு மாறிவிட்டேன். செவ்வாயும் புதனும் அலுவலகத்தில் வீட்டுச் சாப்பாட்டோடு அமைதியாகக் கழிகின்றன. கிழமையை மாற்றும்போது இரண்டு ஊசிகளுக்கிடையே டிர்செபடைடுக்குக் குறைந்தது மூன்று நாளும் செமாக்ளூடைடுக்குக் குறைந்தது இரண்டு நாளும் இடைவெளி இருக்க வேண்டும்.

ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. டிர்செபடைடை நான்கு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு வழக்கமான நாளில் தொடரலாம். பயணம், காய்ச்சல், பணமுடை என்று ஏதோ காரணத்தால் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனால், பழைய அளவிலிருந்து நேராகத் தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள். உடல் பழக்கத்தை மறந்துவிடுகிறது. சிலர் குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

4. தட்டை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். இந்த மருந்துகள் மூளையில் பசியைத் தணிப்பதோடு, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதையும் மெதுவாக்குகின்றன. பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்டது மாலை ஆறு மணிக்கும் பாதி அங்கேயே இருக்கலாம். அதன் மேல் இரவுச் சாப்பாட்டையும் போட்டால் அது மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. முட்டை அழுகியது போன்ற நாற்றத்தோடு வரும் ஏப்பம், நெஞ்செரிச்சல், இரவில் தொண்டை வரை வரும் புளிப்பு எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

முதலில் தட்டைச் சிறியதாக்குங்கள். வழக்கமான பெரிய சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, பலகாரம் வைக்கும் சின்னத் தட்டில் உண்ணத் தொடங்கினேன். காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டவன் இரண்டோடு நிறுத்தினேன். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குத் தெரிய நேரம் ஆகும். ஆனால் உடல் அதற்கு முன்பே ஒரு சமிக்ஞை கொடுக்கும். சிலருக்குச் சிறிய ஏப்பம், சிலருக்கு விக்கல், எனக்கு மூக்கில் இலேசாக நீர். அந்தச் சமிக்ஞை எதுவென்று முதல் மாதத்திலேயே கண்டுபிடித்து, அது வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். தட்டில் மிஞ்சுவது வீணாகிறதே என்ற எண்ணம் நம்மில் பலருக்குச் சிறுவயதிலிருந்தே ஊறியது. ஆகவே குறைவாகப் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் மறுபடி கேட்பதே நல்லது. வீட்டில் பரிமாறுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "இன்னும் ஒரு தோசை" என்ற அன்பை மறுக்கத் தெரியாமல் தவித்ததில் எனக்கு மூன்று வாரம் போனது.

அடுத்தது கொழுப்பு. எண்ணெயில் பொரித்தது, தேங்காய் அரைத்த குருமா, பிரியாணி, பரோட்டா, நெய் மிதக்கும் பொங்கல் ஆகியவை இயல்பிலேயே மெதுவாகச் செரிப்பவை. ஊசி போட்ட மூன்று நாளுக்கு இவற்றைத் தொடாதீர்கள். அந்த நாட்களில் எனக்கு ஒத்துக்கொண்டவை: ரசம் சாதம் குழைவாக, அரிசி நொய்க் கஞ்சி, இட்லி, நீர்மோர், வேகவைத்த பாசிப்பருப்பு, இடியாப்பம். உளுந்து கூடுதலான தோசையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் நான்காவது நாளுக்குப் பிறகுதான். காரத்தை முழுதாக விட வேண்டியதில்லை. ஆனால் வெறும் வயிற்றில் காபியையும், எந்த நேரத்திலும் சோடாவையும் விட்டுவிடுங்கள்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். இருக்கிற சின்ன இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பும் ஒரு மணி பின்பும் மடக்கு மடக்காகக் குடியுங்கள். இந்த மருந்து பசியை மட்டுமல்லாமல் பலருக்குத் தாகத்தையும் குறைத்துவிடுகிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் மாலைக்குள் தலைவலி வந்துவிடும். இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்து, மதியத்துக்குள் பாதி என்று கணக்கு வைத்துக்கொண்டேன். சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் முடித்து, பத்து நிமிடம் மெதுவாக நடந்து, குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்துப் படுங்கள். ஏகாதசி, சஷ்டி விரதமோ ரம்ஜான் நோன்போ இருப்பவர்கள் முதல் இரண்டு மாதங்களில் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசாமல் இருக்காதீர்கள். நாள் முழுதும் வெறும் வயிறு, பிறகு ஒரே வேளையில் நிறையச் சாப்பாடு என்பது இந்த மருந்துக்குச் சற்றும் பொருந்தாத முறை.

5. குமட்டலும் வாந்தியும்

செமாக்ளூடைடின் பெரிய ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டலும் 25 பேருக்கு வாந்தியும் பதிவாயின. பெரும்பாலானவர்களுக்கு அளவை உயர்த்திய சில வாரங்களில் இது தணிந்துவிடுகிறது. இலேசான குமட்டலுக்கு இஞ்சித் துண்டை உப்பு தொட்டு வாயில் அடக்கிக்கொள்வது எனக்கு உதவியது. தாளிப்பு வாசனையே ஆகாத நாட்களில் ஆறிய உணவு இறங்கியது.

வாந்தி வந்தால் அடுத்த ஒரு மணி நேரம் திட உணவு வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரைத்து, ஐந்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி என்று குடியுங்கள். ஒரே மடக்கில் ஒரு டம்ளர் குடித்தால் அதுவும் வெளியே வந்துவிடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகளாக ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு ஒத்துவராத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தேடி அலைய வேண்டியிருக்காது.

வாந்தி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஆன்டன்செட்ரான் குமட்டலை நிறுத்தும்; கூடவே மலச்சிக்கலைக் கூட்டும். டாம்பெரிடோன் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. முதல் மருந்துச் சீட்டு எழுதும்போதே, "வாந்தி வந்தால் எனக்கு எது, எத்தனை, எத்தனை நாள்?" என்று கேட்டு அதையும் அதே சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். வாந்தி மாத்திரையின் பலத்தில் அதிக அளவு ஊசியைத் தாக்குப்பிடிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

6. மலச்சிக்கல்

யாரும் வாய்விட்டுச் சொல்லாத தொல்லை இது. என்னைப் பொறுத்தவரை குமட்டலைவிட நீண்டநாள் நீடித்ததும் இதுதான். உண்பது குறைவதால் மலமும் குறையும். தினமும் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் மூன்று நாளுக்கு மேல் போகவில்லை என்றாலோ, கெட்டியாகி வலித்தாலோ உடனே கவனியுங்கள். கீரை, அவரைக்காய், கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே சேருங்கள். இசப்கோல் எடுத்தால் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். குறைந்த நீரில் எடுத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். அதற்கும் அசையாவிட்டால் லாக்டுலோஸ் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவார். நிலாவாரைச் சூரணத்தை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் வந்தால் அது மலச்சிக்கல் அல்ல, குடல் அடைப்பாக இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

சிலருக்கு நேர்மாறாக வயிற்றுப்போக்கு வரும். மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு அதுவும் ஊசியும் சேர்ந்து படுத்தும். அந்த மாத்திரையின் அளவையும் வகையையும் மறுபார்வை செய்யச் சொல்லுங்கள்.

7. அளவை உயர்த்துவதில் அவசரம் வேண்டாம்

டிர்செபடைட் 2.5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரம் கழித்து 5 ஆகிறது; அதன் பிறகு 2.5 வீதம் ஏறி 15 வரை போகலாம். எடைக்கான செமாக்ளூடைட் 0.25, 0.5, 1, 1.7, 2.4 என்று நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏறுகிறது. இந்த அட்டவணையைப் பார்த்ததும் பள்ளியில் வகுப்பு ஏறுவதைப் போல, நான்கு வாரம் முடிந்தால் அடுத்தது என்று எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். எட்டு வாரம் இருப்பதில் தவறு எதுவும் இல்லை. மருத்துவர் ஒப்புக்கொண்டால் அங்கேயே நின்றுவிடவும் செய்யலாம்.

நின்றால் பயன் குறைந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. 2022 இல் வெளியான டிர்செபடைடின் முதன்மை ஆய்வில், 72 வாரத்தில் 15 மில்லிகிராம் எடுத்தவர்கள் சராசரியாக 20.9 விழுக்காடு எடை இழந்தார்கள். 5 மில்லிகிராமில் இருந்தவர்களும் 15 விழுக்காடு இழந்தார்கள். 104 கிலோவில் தொடங்கிய எனக்கு அந்தச் சிறிய அளவின் சராசரியே பதினைந்து கிலோவுக்கு மேல் வருகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அவசரம் விட்டது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் மருத்துவர் என்னை மீண்டும் 2.5 க்கு இறக்கி, மேலும் நான்கு வாரம் கழித்து 5 க்கு ஏற்றினார். இரண்டாவது முறை ஒரே ஒரு நாள் மட்டும் குமட்டல் இருந்தது.

உயர்த்துவதற்கு முன் உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். நான் வைத்திருப்பது நாற்பது பக்கப் பள்ளி நோட்டு. தேதி, அளவு, வயிற்றில் எந்தப் பக்கம் குத்தியது, குமட்டல் எத்தனை மணி நேரம், மலம், எடை என்று ஆறு கட்டங்கள். கடைசி இரண்டு வாரத்தில் வாந்தி இருந்ததா, எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா, அடுத்த பத்து நாளில் திருமணம், தேர்வு, நெடும்பயணம் ஏதும் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அதிலேயே கிடைக்கும். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது எதற்காக உயர்த்த வேண்டும் என்று மருத்துவரைக் கேட்கத் தயங்காதீர்கள்.

8. பழைய மருந்துகளை மறுபார்வை செய்யுங்கள்

கிளிமெபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, உணவு பாதியாகக் குறைந்த பிறகும் பழைய அளவே தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வரும். நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவற்றை ஊசியின் சோர்வு என்று தவறாக நினைத்துக்கொள்வது எளிது. குளுக்கோமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். இரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான். எட்டு கிலோ குறைந்த பிறகு எனக்கு எழுந்து நின்றால் கண் இருட்டியது. 104/66 என்று காட்டியதும் மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள நாளில் சிறுநீரைக் கூட்டும் மாத்திரையையும் டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையையும் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டியது: டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். எனவே தொடங்கிய நான்கு வாரமும், ஒவ்வொரு முறை உயர்த்திய பின் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு முறை தேவை. கருத்தரிக்க விரும்பினால் செமாக்ளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடை எவ்வளவு முன்பு நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார்.

அறுவைச் சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ இருந்தால், நாள் குறிக்கும்போதே மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு முழுதும் பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போவது உயிருக்கே ஆபத்து.

9. புரதமும் முடியும்

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகிறது. படியேறும்போது தொடை தளர்வதை நான் மூன்றாவது மாதத்தில் கவனித்தேன். இரண்டு இட்லியில் கிடைப்பது ஏறக்குறைய நான்கு கிராம் புரதம்தான். ஒரு முட்டையில் ஆறு, நூறு கிராம் மீனில் இருபது. எனக்கு மருத்துவர் சொன்ன இலக்கு நாளொன்றுக்கு 80 கிராம். சிறிய தட்டில் முதலில் முட்டை, மீன், பனீர், பருப்பு, பிறகு காய், கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றியதால்தான் அதற்குப் பக்கத்திலாவது போக முடிந்தது. வாரம் இரண்டு முறை நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் அளவுக்கான எடைப் பயிற்சியும் போதும்.

மூன்றாவது மாதத்துக்குப் பிறகு முடி கொட்டினால் அதிர்ச்சி வேண்டாம். வேகமான எடைக்குறைவின் பின்விளைவு அது. பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளரும். இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண்.

10. எப்போது காத்திருக்கக் கூடாது

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நடக்க முடியாவிட்டால் 108 ஐ அழையுங்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை ஊடுருவும், விடாத கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலா எலும்பின் கீழ் வலி, காய்ச்சல், கண் மஞ்சளாவது ஆகியவை பித்தப்பையைச் சுட்டும். ஆறு எட்டு மணி நேரமாகத் தண்ணீரும் தங்காமல், சிறுநீர் மிகக் குறைந்து அடர்ந்த நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கலாம். திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குவது மிக அரிது. ஆனால் ஐரோப்பிய மருந்து முகமை 2025 இல் செமாக்ளூடைடோடு தொடர்புபடுத்திய பக்கவிளைவு அது. முகமோ நாக்கோ வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

அங்கே முதலில் பார்க்கும் மருத்துவரிடம், "நான் வாரத்துக்கு ஒருமுறை டிர்செபடைட் ஊசி எடுக்கிறேன், கடைசியாக இந்தத் தேதியில், இவ்வளவு மில்லிகிராம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். என் விஷயத்தில் கல்யாணச் சாப்பாடு என்று மட்டும் சொன்னதால், உணவு நச்சு என்று எழுதிக்கொண்டு இரண்டு மணி நேரம் அந்த வழியிலேயே போனார்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஊசியை இன்று நிறுத்தினாலும் மருந்து உடலை விட்டு நீங்க நான்கைந்து வாரம் ஆகும். அடுத்த நாளே எல்லாம் சரியாகும் என்று எதிர்பார்க்க முடியாது.

11. காப்பீடும் புகார்ப் படிவமும்

மாதாந்திர ஊசிச் செலவை நம் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் பொதுவாகத் தருவதில்லை. உள்நோயாளியாகச் சேர்ந்தால் கேட்கலாம். ஆனால் எடைக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை விலக்கப்பட்ட பட்டியலில் இருப்பதைக் காட்டி மறுக்கக்கூடும். எனக்கும் முதலில் மறுத்தார்கள். வெளியேறும்போது தரும் சுருக்க அறிக்கையில் "எடை குறைப்பு ஊசி எடுப்பவர்" என்று மட்டும் இருந்தது. நீர்ச்சத்து இழப்பு, கிரியாட்டினின் உயர்வு என்னும் சேர்க்கைக்கான காரணங்கள் எங்கும் இல்லை. மருத்துவரிடம் திருத்திய அறிக்கை வாங்கி, ஊசி எழுதப்பட்ட சீட்டு, இரத்த அறிக்கைகள், பில்கள் ஆகியவற்றோடு மறுபடி அனுப்பினேன்; ஐந்து வாரம் கழித்து ஒரு பகுதி வந்தது. ஊசி எடுப்பதை மறைக்காதீர்கள், மறைத்தால் மொத்தமாகப் போய்விடும். உண்மையான நோயறிதல் அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே படித்துப் பாருங்கள்.

கடுமையான பக்கவிளைவு வந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திலும் பதிவு செய்யலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. வேலைநாட்களில் அலுவலக நேரத்தில் எடுப்பார்கள். அழைப்பதற்கு முன் மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண், காலாவதித் தேதி, கடைசி ஊசியின் தேதி, தொல்லை தொடங்கிய நேரம், கூடவே எடுக்கும் மற்ற மருந்துகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியை நான் அதற்குள் குப்பையில் போட்டிருந்தேன். பேட்ச் எண்ணைக் கடைசியில் மருந்துக்கடை பில்லிலிருந்துதான் படித்துச் சொன்னேன்.